நாராயணனின் தாசனும் நாராயணனின் மகனும்

அன்புள்ள ஐயா,

சமூக மாற்றத்துக்கு எப்போதும் குறுக்கே நிற்பது மதம்தான் என்று நினைக்கிறேன். கீழே கிடப்பவனிடம் இது உன் விதி என்று சொல்லி அடக்கி வைக்கிறது. மாறியதெல்லாம் சட்டத்தால் மாறியதுதான். மதத்துக்குள் நின்றுகொண்டு சீர்திருத்தம் பேசுவது வீண் வேலை இல்லையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. இன்றைய குமரி மாவட்டம் அடங்கிய பழைய திருவிதாங்கூரைப் பாருங்கள். 1750-இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே நாராயணனின் வடிவமான பத்மநாபசாமிக்கு ஒப்படைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அறிவித்தார். அப்புறம் அரசு என்றாலே சாமியின் அரசுதான். அந்த ஆட்சியில் நாடார் பெண்கள் மேல்சீலை உடுத்தக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது.

சரி, அதை எதிர்த்து எழுந்தவர் யார்? சாமித்தோப்பு முத்துக்குட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இவர்களுக்கு முடி எதற்கு, பெருமாள் எதற்கு என்று மேல்சாதியார் எதிர்த்ததால் பெயரை மாற்றினார்கள் என்பார்கள். 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து கரையேறி வந்தவர், நான் நாராயணனின் மகன் வைகுண்டர் என்றார். மன்னர் நாராயணனுக்கு தாசன். பனையேறும் சனங்களிலிருந்து வந்த இவரோ மகன்! அரசுக்கு எழுதும் எந்த மனுவும் இவ்வளவு தூரம் போயிருக்காது. அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துப்போய்ச் சிறையில் அடைத்தது.

அவர் வெறும் உபதேசம் செய்யவில்லை. சுமை தூக்கச் சும்மாடு வைத்த தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதிக்கும் தண்ணீர். அவர் வழிபாட்டிடத்தின் கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. கும்பிடப் போகிறவருக்கு அதில் தெரிவது அவருடைய முகம்தான். பரம்பரையாகக் குனிந்தே பழகிய ஒருவர் முதல்முறை அதன் முன்னே நின்றபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் சட்டம் 1859-இல்தான் வந்தது. வைகுண்டர் மறைந்து 8 வருடம் ஆகியிருந்தது. அதுவும் அரைகுறை: நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. அந்தக் குப்பாயமும் கிறிஸ்தவ மிஷன் சபைகளிலிருந்து வந்ததுதான். சட்டத்துக்குக் காத்திராமல் அந்தப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அங்கே மேல்சாதியார் அதைக் கிழித்தார்கள். மிஷன் தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். அப்படியும் அந்தப் பெண்கள் மறுபடி உடுத்திக்கொண்டு வந்ததால்தான் மன்னர் இறங்கி வந்தார்.

ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பியவர்களும் ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்கு பெற்றவர்கள்தான். அந்தச் சுவரைப் பற்றி நீங்கள் எவ்வளவு கோபமாக எழுதினாலும் நான் உங்கள் பக்கம்.