சாவேஜ் 110: குழல் மாற்றியபின் ‘நோ-கோ’ அளவியின் மீதும் போல்ட் மூடினால்

உங்கள் சாவேஜ் 110 ரைஃபிளில் புதிய .308 வின்செஸ்டர் குழலைப் பொருத்தி அதைத் துப்பாக்கி உடலோடு பூட்டும் நட்டை இறுக்கியபின், ‘நோ-கோ’ அளவியின் (தோட்டா அறை மிகையாக நீண்டிருக்கிறதா எனச் சோதிக்கும் கருவி; இதன் மீது மூடக்கூடாது) மீதும் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் உலோகத் தண்டு) மூடிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த நிலையில் தயவுசெய்து ஒரு தோட்டாவைக்கூடச் சுடாதீர்கள். பித்தளைக் கூடு அளவுக்கு மீறி நீண்டு கிழிந்தால், சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும்.

போல்ட் மூட வேண்டிய ‘கோ’ அளவி 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634 அங்குலம்; இடைவெளி 0.004 அங்குலம்தான். குழலின் மரை அங்குலத்துக்கு 20 என்பதால் ஒரு முழுச்சுற்று 0.050 அங்குலம் நகர்த்தும். அதாவது, சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவே உங்கள் தோட்டா அறையின் நீள அளவைக் கெடுத்துவிடும். நட்டை இறுக்கும்போது குழலும் சற்றுத் திரும்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். நட்டு இறுகுகையில் மரையின் தளர்வு நீங்கிக் குழல் இம்மியளவு முன்னே இழுபடுவதும் உண்டு.

நட்டைத் தளர்த்தி, ரீகாயில் லக்கின் (நட்டுக்கும் துப்பாக்கி உடலுக்கும் இடையில், சுடும் உதையைத் தாங்கும் தகடு) இருபுறமும் துடையுங்கள். மயிரிழை போன்ற ஓர் இரும்புச் சீவல் அங்கே சிக்கியிருந்தாலும் அளவு பொய்யாகும். போல்ட்டிலிருந்து எஜெக்டரையும் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்) எக்ஸ்ட்ராக்டரையும் (அதை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி) கழற்றிவிட்டு, ‘கோ’ அளவியை வைத்துப் போல்ட்டை மூடி, குழல் அதைத் தொடும் வரை கையால் திருகுங்கள். பிறகு குழலைக் குழல்-வைஸில் (குழலை இறுகப் பிடிக்கும் கவ்வியில்) அசையாமல் பிடித்து நட்டை இறுக்கி, இரண்டு அளவிகளாலும் மீண்டும் சோதியுங்கள். அப்போதும் ‘நோ-கோ’ மீது மூடினால், துப்பாக்கித் தொழிலாளரிடம் எடுத்துச் செல்லுங்கள்.