சராசரி 94, கட்-ஆஃப் 179

கேள்வி: என் மகள் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 564 மதிப்பெண் பெற்றாள், சராசரி 94 சதவீதம். பக்கத்து வீட்டுப் பையன் பெற்றது 549தான். ஆனால் பொறியியல் தரவரிசைப் பட்டியலில் அவன் வெகுவாக முந்தியிருக்கிறான். கணிதம், இயற்பியல், வேதியியலில் மகளுக்கு 86, 92, 94. அவனுக்கு 98, 95, 93. பட்டியலில் தவறு இருக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: தவறு இல்லை. தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டதிலிருந்து, பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் அது ஆறு பாடங்களின் சராசரி அன்று. கணித மதிப்பெண்ணை முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டி, 200-க்குக் கணக்கிடுவதே கட்-ஆஃப். உங்கள் மகளுக்கு 86, 46, 47 சேர்ந்து 179. அந்தப் பையனுக்கு 98, 47.5, 46.5 சேர்ந்து 192. தமிழ், ஆங்கிலம், ஆறாவது பாடம் ஆகியவற்றில் உங்கள் மகள் அவனைவிட 29 மதிப்பெண் கூடுதலாக எடுத்திருந்தும், அவை இந்தக் கணக்கில் சேர்வதில்லை. மகளின் கணித, வேதியியல் மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறியிருந்தால், அதே 564-க்குக் கட்-ஆஃப் 183 ஆகியிருக்கும். மொழிப் பாடங்களில் காட்டிய உழைப்புக்கு இங்கே மதிப்பில்லை என்பது எனக்கும் வருத்தமே.

சராசரிக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விண்ணப்பிக்கும் தகுதிக்கு, அந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் இருக்க வேண்டும். இருவரின் கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், அடுத்து மேலே சொன்ன ஆறாவது பாடம் என்று பார்த்து, அப்போதும் தீராவிட்டால்தான் பிளஸ் டூ மொத்தச் சதவீதத்துக்கு வருகிறார்கள். (வேதியியலைத் தனியே பார்க்க வேண்டியதில்லை, மற்ற இரண்டும் கட்-ஆஃபும் சமமென்றால் அதுவும் சமமாகத்தானே இருக்கும்!)

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேரவும் இதே கணக்கா?
- வாசகர், கரூர்

பதில்: இல்லை. அங்கே மொழிப் பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்களை அப்படியே கூட்டி 400-க்குத் தரவரிசை தயாரிக்கிறார்கள். பி.ஏ. தமிழுக்கு மட்டும் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் அடிப்படையாகின்றன.