மலையேறும் காருக்கு வரிக்கழிவு உண்டா?

கேள்வி: கம்பத்தில் குடியிருந்துகொண்டு குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குச் சென்று தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறேன். வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே கார்தான். அதன் செலவை வருமானவரிக் கணக்கில் எப்படிக் கழிப்பது? - வாசகர், கம்பம்.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொத்த வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் உத்தேச முறையை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் கார் செலவைத் தனியே கழிக்க இயலாது.

அந்த முறையில் சேராமல் வரவு செலவுக் கணக்கு எழுதி வருபவராக இருந்தால், தொழிலுக்கு ஓடிய பங்குக்கு மட்டும் கழிவு உண்டு. அமெரிக்காவில் இருப்பதுபோல மைலுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை சுயதொழில் செய்வோருக்கு இங்கே இல்லை. லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டி குடிக்கும் பெட்ரோலைப் பார்த்தால், உண்மைச் செலவைக் காட்டுவதே உங்களுக்கும் நல்லது. ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடி, அதில் 13,500 தொழிலுக்கு என்றால், பெட்ரோல், காப்பீடு, பழுதுச் செலவு, காரின் 15 சதவீதத் தேய்மானம் ஆகியவற்றில் முக்கால் பங்கைக் கழிக்கலாம்.

இந்தப் பங்கை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஏப்ரல் 1 அன்று கிலோமீட்டர் மீட்டரைப் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, தோட்டம், வேலை, புறப்பட்டபோதும் திரும்பியபோதும் இருந்த அளவு ஆகியவற்றை அன்றன்றே டைரியில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் ஒரே பேனாவில் எழுதிய டைரி எவரையும் ஏமாற்றாது. பெட்ரோல் பங்க் ரசீதின் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பக்கத்தைவிட விலை குறைவென்று கம்பத்திலேயே டேங்க்கை நிரப்பிச் செல்வதில் தவறில்லை.