வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மகளுக்குக் கணிதம் ஏன் வேண்டும்?

அன்புள்ள அம்மா,

பாட்டிக்கு வந்த வாய்ப்புற்றுநோயை ஓர் இரத்தப் பரிசோதனையால் முன்பே அறிந்திருக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் தங்கள் மகள், அத்துறையிலேயே படிக்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சி, பத்தாம் வகுப்பில் கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் எளிய பாடமான மேதமேட்டிக்கல் லிட்டரசியை எடுக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அதன் காரணம் அவள் விரும்பும் துறையிலேயே இருக்கிறது.

புற்றுநோய் உருவாகும்போது உடல் சில புரதங்களை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதுண்டு. பி53 என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் வாய்ப்புற்றுநோயாளிகள் சிலரிடம் காணப்படுகிறது, பெரும்பாலோரிடம் இல்லை. பாப்பிலோமா வைரஸ் 16ஆம் வகையின் ஈ6 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த இரத்தத்திலும் சிலரிடம் இருந்ததென 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. ஆனால் அது வாய்க்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதியின் புற்றுநோய்க்கே பொருந்துவது. வெற்றிலை பாக்கினாலும் புகையிலையாலும் கன்னத்தில் வருவதற்கு அது உதவாது. இம்யூனோகுளோபுலின் ஏ, ஜி என்னும் எதிர்ப்பொருள் வகைகளின் மொத்த அளவு வாய்ப்புற்றுநோயில் உயர்வதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், காசநோயிலும் எச்ஐவி தொற்றிலும் அவை உயரக்கூடும் என்பதால், இவ்விரு நோய்களும் மிகுந்த நமது தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசூலு-நாட்டாலில், நோய் உண்டா இல்லையா எனப் பிரிக்க வேறொரு நாட்டில் வகுத்த எல்லையளவை அப்படியே கொள்ள முடியாது. இங்குள்ள மக்களின் இரத்தத்தை இங்குள்ளவர்களே அளந்து பார்க்க வேண்டும். தங்கள் மகளுக்கு அங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது.

அந்த வேலையின் உயிர்நாடி கணக்குதான். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கே நோய் இருப்பதாகவும், நோயற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் சோதனை தவறாகக் குறிப்பதாகவும் கொள்ளுங்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் வீணாகக் கலங்கிப்போகும். இன்றும் நோயை உறுதிசெய்வது திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்துறைக்குச் செல்ல இரு வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வக அறிவியல் நான்காண்டுப் பட்டம். படிப்பை முடித்துத் தொழில்முறைப் பதிவு பெற்றபின் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையிலோ தனியார் ஆய்வகத்திலோ பணிக்கு விண்ணப்பிக்கலாம். குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு அறிவியல் பட்டமும் அதன்மேல் ஓராண்டு ஆனர்ஸ் படிப்பும் முடித்து ஆராய்ச்சிக்குச் செல்வது மற்றொரு வழி. அது நீண்டது, வருமானமும் தாமதமாகவே வரும். வீட்டு நிலையைப் பார்க்கும்போது முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன். ஆராய்ச்சிக் கதவு அங்கிருந்தும் திறக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவிக்கும் விண்ணப்பியுங்கள்.

முதலில் கணிதத்தைத் தேர்ந்தெடுத்து, முடியாதபோது லிட்டரசிக்கு இறங்கலாம். அங்கிருந்து கணிதத்துக்கு ஏறுவது மிகக் கடினம். ஆகவே இவ்வாண்டு இறுதிக்குள் அவள் எந்தப் பகுதியில் தடுமாறுகிறாள் என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அதற்கு மட்டும் தனிப்பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள்.