கலைஞரா, அரசாங்க ஊழியரா?

கேள்வி: சீன இயக்குநர் ஷியே ஜின் எடுத்த 'மேடைச் சகோதரிகள்' பார்த்து உருகிப்போனேன். அவரே, மாவோ கட்டவிழ்த்துவிட்ட கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் (1966-76) 'வசந்த நாற்று' என்ற பிரசாரப் படத்தையும் எடுத்தவர் என்று தெரிந்ததும் மனம் கசந்துவிட்டது. எங்கள் திரைப்படச் சங்கத்தில் அவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவரைக் கலைஞர் என்பதா, அரசாங்க ஊழியர் என்பதா?

பதில்: ஊழியர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 1950-களின் தொடக்கத்திலேயே ஷாங்காயின் தனியார் படக் கம்பெனிகள் எல்லாம் அரசு ஸ்டுடியோவுக்குள் கரைந்துவிட்டன. இயக்குநர் சம்பளக்காரர். மேலிடம் தலையசைத்தால்தான் கேமரா சுழலும். பிடிக்கவில்லை என்று வேறு தயாரிப்பாளரைத் தேடிப் போகலாம் என்றால், அப்படி ஒருவர் நாட்டிலேயே கிடையாது.

நீங்கள் உருகிய படமும் அங்கிருந்து வந்ததுதான். அதன் முடிவை நினைத்துப் பாருங்கள்: வாழ்நாள் முழுக்கப் புரட்சி நாடகம் பாடுவோம் என்கிறார்கள் சகோதரிகள். அது பிரசாரமில்லாமல் வேறென்ன?

இவ்வளவு விசுவாசமான படம்தான் அவரைக் கவிழ்த்தது. 1961-ல் வந்த 'செம்படைப் பெண்கள் பிரிவு'க்காக முதலாவது நூறு மலர்கள் விருதில் சிறந்த இயக்குநராகத் தேர்வானவர், சில ஆண்டுகளிலேயே 'நச்சுக் களை' (கட்சிக்கு ஆகாத படைப்புக்கு அன்று வைத்த பெயர்) வளர்த்தவர் ஆனார். வர்க்கப் போராட்டத்தை மழுப்புகிறது என்பது 'மேடைச் சகோதரிகள்' மீதான குற்றச்சாட்டு. கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் கூட்டங்களில் நிறுத்தி வசைபாடினார்கள். அந்த ஆண்டுகளில் அவருடைய பெற்றோர் இருவருமே தற்கொலை செய்துகொண்டார்கள்.

அதன் பிறகுதான் 'மாதிரி நாடக'ங்களில் (முன்மாதிரி என்று அரசு அன்று நிர்ணயித்த புரட்சி நாடகங்கள்) ஒன்றான 'துறைமுக'த்தைப் படமாக்கக் கூப்பிட்டார்கள். போனார். 1975-ல், வேறு இருவரோடு சேர்ந்து 'வசந்த நாற்று'. அந்த இடத்தில் நின்ற மனிதர்மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தை வேண்டுமானால் தாராளமாகத் திட்டலாம். 'வெறுங்கால் மருத்துவ'ப் பெண் (குறுகிய காலப் பயிற்சியோடு கிராமத்தில் வைத்தியம் பார்ப்பவள்) நல்லவள், அவளை எதிர்க்கும் மருத்துவமனை அதிகாரி கெட்டவர், அவ்வளவுதான். நால்வர் கும்பல் (கலாச்சாரப் புரட்சியை முன்னின்று நடத்திய மாவோவின் மனைவியும் மூன்று தலைவர்களும்) விழுந்ததும் இந்தப் படமும் சதிப் படம் என்று கண்டனத்துக்கு ஆளானது. மறுபடியும் முதலிலிருந்து!

எனக்கு உறுத்துவது பிறகு வந்த ஒரு படம். 1980-ல் 'தியன்யுன் மலைக் கதை'. 1957-ல், கட்சிக்கு எதிரான 'வலதுசாரி' என்று பழி சுமத்தப்பட்டவரின் கதை. நோயில் கிடக்கும் அவரை வண்டியில் படுக்கவைத்து, பனிக்குள் ஒரு பெண் இழுத்துக்கொண்டு போவாள். கல்லும் கரையும். முதலாவது பொன் சேவல் விருதில் சிறந்த படம் என்ற பரிசும் கிடைத்தது. ஆனால் கதை சொல்லும் விதம் பழையதுதான்: மாசற்ற நல்லவர், வஞ்சிக்கும் அதிகாரி, தாங்கிப் பிடிக்கும் பெண். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பட்டியல் மட்டும் கட்சியின் புதிய நிலைப்பாட்டுக்குத் தக்கபடி மாறியிருக்கிறது. 1986-ல் ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் ஜு தாக்கே என்ற இளம் விமர்சகர் இதைத்தான் போட்டு உடைத்தார்: அழவைத்தே சிந்திக்க விடாமல் செய்கிற பாணி இது என்று. பெரிய சர்ச்சையாகிவிட்டது.

விமர்சகர் சொன்னது பாதி சரி என்பேன். மீதிப் பாதிக்குப் பதில் 'செம்பருத்தி ஊர்' படத்தில் இருக்கிறது. அதுவும் 1986-தான். பழிக்கப்பட்ட ஆணும் பெண்ணும் விடியற்காலையில் தெருக் கூட்டிக்கொண்டே காதலில் விழுவது இங்கும் கண்ணீர்க் கதைதான். முடிவில் மட்டும், பழைய அரசியல் ஆர்வலன் பித்துப் பிடித்துச் சேகண்டியைத் தட்டிக்கொண்டு, 'இயக்கம் வந்துவிட்டது' (அதாவது, இன்னொரு அரசியல் வேட்டை தொடங்கிவிட்டது) என்று கத்தியபடி திரிகிறான். நியாயம் கிடைத்த ஊரே அதைக் கேட்டு நிற்கிறது. ஆறுதல் சொல்லி அனுப்பும் வழக்கத்தை அவரே அங்கே மீறிவிட்டார்.

சங்கத்தில் அந்த வண்டிக் காட்சியையும் 'வசந்த நாற்று'விலிருந்து ஒரு துண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். உங்கள் கேள்வியைக் கூட்டத்திடமே விட்டுவிடலாம். பிறகு 'செம்பருத்தி ஊர்' முழுப்படம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், மாலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். இல்லையென்றால் பேச நேரமிருக்காது.