சுவரில் இருக்கும் மீசைக்காரர்

கேள்வி: என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அறைச் சுவர் முழுக்க ஃப்ரெடி மெர்குரி என்ற வெளிநாட்டுப் பாடகரின் படம். "எய்ட்ஸ் வந்து செத்தவன் படத்தையா வீட்டில் ஒட்டுவது?" என்று என் அண்ணன் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகன் கெட்டுப் போய்விடுவானோ? எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: கிழிக்காதீர்கள், அம்மா. அவன் வேறு படம் வாங்கி ஒட்டுவான். உங்களிடம் பேச்சையும் குறைத்துக்கொள்வான்.

வெளிநாட்டுப் பாடகர் என்பது பாதிதான் சரி. அவருடைய இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிக் குடும்பம். அப்பாவுக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருக்கும் சான்சிபார் தீவில் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை. 1946-ல் அங்கேதான் பிறந்தார். எட்டு வயதில் கப்பலேற்றி, நம் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். பள்ளி நண்பர்களோடு முதல் இசைக்குழு நடத்தியது அங்கேதான். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் உயிர் தப்பி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கியிருக்கிறார், சந்தையில் பழைய துணி விற்றிருக்கிறார். நடுவே ஓவியக் கல்லூரியில் டிப்ளமோவும் முடித்தார். 1970-ல் தொடங்கிய 'குயீன்' என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் அவர்; அதன் சின்னத்தை வரைந்ததும் அவர்தான்.

படத்தில் பற்களைக் கவனித்தீர்களா? நான்கு பற்கள் கூடுதல்; அதனால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். கையில் காசு புரண்ட பிறகும் அவர் அதைச் சரிசெய்யவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்!

1975-ல் அவர் எழுதிய 'பொஹீமியன் ராப்சடி' ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. பல்லவி கிடையாது, நடுவில் ஓபரா எனும் மேற்கத்திய இசைநாடகப் பாணி வேறு. இவ்வளவு நீளமான பாட்டை எந்த வானொலி போடும் என்று கேட்டார்கள். அது பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

இனி அண்ணன் சொன்ன விஷயம். நான் மூடி மறைக்கப் போவதில்லை. குடி, போதை, விருந்து எல்லாம் அவர் வாழ்க்கையில் இருந்தன. ஆண்களை நேசித்தவர், கடைசி வரை உடனிருந்த துணையும் ஓர் ஆண்தான். 1987-ல் எய்ட்ஸ் கிருமித் தொற்று உறுதியானது. அன்று அந்த நோய்க்குச் சரியான மருந்தும் இல்லை, நோயாளிக்கு மரியாதையும் இல்லை. பத்திரிகைகள் துரத்தின. 1991 நவம்பர் 23-ம் தேதிதான் உலகத்துக்குச் சொன்னார், மறுநாள் இறந்துபோனார். வயது 45. இடைப்பட்ட நான்கு வருடமும் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. நிற்கவே சிரமப்பட்ட நாட்களில்கூட ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஸ்டுடியோவில் பாடிப் பதிவுசெய்து வைத்தார். அதில் மிச்சமிருந்தவை 1995-ல் இசைத்தொகுப்பாக வந்தன. எய்ட்ஸ் ஒரு நோய், அவ்வளவுதான். அதை நடத்தைச் சான்றிதழாக உங்கள் அண்ணன் வாசிப்பது சரியில்லை. பாட்டு கேட்டால் அது தொற்றுவதும் இல்லை.

மகன் படிப்பில் பின்தங்கினால், அரியர் வைத்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அதற்கு ஃப்ரெடி பொறுப்பல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை, "இவர் பாடியதில் உனக்குப் பிடித்ததைப் போடுடா" என்று அவன் அறையில் போய் உட்காருங்கள். பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்த 1985 லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியைத்தான் அநேகமாக முதலில் காட்டுவான். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எழுபதாயிரம் பேரை இருபது நிமிடம் ஒற்றை ஆளாக ஆட்டிவைப்பார். சத்தம் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஆறு நிமிடப் பாட்டையும் கேளுங்கள். அதில் ஒரு மகன் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, "அம்மா" என்று கூப்பிட்டுப் புலம்புகிற இடம் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் பையனையே கேளுங்கள்.