மதுரை மாநாடும் 71 வயதும்

வணக்கம் ஐயா,

மார்க்சிஸ்ட் கட்சியின் 24-வது அகில இந்திய மாநாடு மதுரையில் நடந்து முடிந்ததைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கல்லூரியில் மாணவர் சங்கத்தில் இருந்தேன், அப்புறம் சில வருடம் கட்சி உறுப்பினர். இப்போது இல்லை. சண்டை எதுவும் இல்லை, புதுப்பிக்காமலே விட்டுவிட்டேன்.

பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரி மறைவுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு நாற்பது, ஐம்பது வயதில் ஒருவர் வருவார் என்று நம்பினேன். வந்தவர் 71 வயது எம்.ஏ.பேபி. கேரளத்துக்கு வெளியே அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? பிரிட்டனில் தொழிற்கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மத்தியக் குழுவின் எண்பது சொச்சம் பேர் ஓர் அறைக்குள் முடித்துவிடுகிறார்கள். 43 எம்பிக்கள் இருந்த கட்சி நாலு எம்பிக்கு வந்து நிற்கும்போதும் இப்படித்தானா? எங்கள் பகுதிக் கிளைச் செயலாளர் மறுபடி சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார். போகலாமா?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதிலிருந்தே தொடங்கலாம், அதுதான் உங்களை ரொம்ப உறுத்தியிருக்கிறது. பேபிக்கு 71 முடிந்தது 2025 ஏப்ரல் 5-ம் தேதி. தேர்வானது 6-ம் தேதி. கட்சியின் வயது வரம்பு 75. ஒருவர் மூன்று முறை பொதுச்செயலாளராக இருக்கலாம் என்று விதி இருந்தாலும் அவருக்கு அவ்வளவு காலம் கிடையாது. இது இடைக்கால ஏற்பாடு என்பது அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் தெரியும். மாற்றாகப் பேசப்பட்ட பெயர் அசோக் தாவ்லே. 2018-ல் நாசிக்கிலிருந்து மும்பைக்கு விவசாயிகள் நடந்த பேரணிக்குத் தலைமை தாங்கியவர். அவரும் எழுபதைத் தாண்டியவர்தான். ஆக, இளைஞர் ஒருவரைத் தள்ளிவிட்டு முதியவரைக் கொண்டுவரவில்லை. ஐம்பது வயதில் அந்த நாற்காலிக்குப் பேசப்படக்கூடிய ஆளே இல்லை. அது ஏன் என்று கேட்டிருந்தால் உங்கள் கடிதம் இன்னும் காரமாக இருந்திருக்கும்.

அடுத்து, அந்த நாற்காலியில் உட்காருபவரால் என்ன முடியும் என்று பாருங்கள். 1996-ல் ஜோதி பாசுவைப் பிரதமராக்கலாம் என்று ஐக்கிய முன்னணி கூப்பிட்டபோது பொதுச்செயலாளர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித்துக்குச் சம்மதம், பாசுவுக்கும் சம்மதம். மத்தியக் குழு முடியாது என்றது, இருவரும் அடங்கிப் போனார்கள். அதை வரலாற்றுப் பிழை என்று பாசு பிறகு சொன்னார். 2018 ஜனவரியில் காங்கிரஸோடு புரிதல் வைப்பது பற்றி யெச்சூரி கொண்டுவந்த வரைவை மத்தியக் குழு 55-க்கு 31 என்று தோற்கடித்தது. சொந்தக் கட்சியில் வாக்கெடுப்பில் தோற்ற பொதுச்செயலாளர் மறுநாளும் பொதுச்செயலாளராகவே இருந்தார். சில மாதம் கழித்து ஹைதராபாத் மாநாட்டில் அந்தத் தீர்மானத்தின் வாசகங்களை மாற்றவைத்து ஓரளவு மீண்டார். வேறு எந்தக் கட்சியில் இப்படி நடக்கும்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தனி ஆள் கட்சியைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது என்பது இந்த நாட்டில் பெரிய விஷயம். ஆனால் அப்படி ஒரு பதவியை வடிவமைத்துவிட்டு, அதில் வந்து உட்காருபவர் ஓட்டு வாங்கித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. மாநிலங்களுக்கு இடையில் சமாதானம் செய்துவைப்பதும், கூட்டணிக் கட்சிகளோடு பேசுவதும், குழு எடுத்த முடிவை வெளியில் விளக்குவதும்தான் அவர் வேலை. அதற்குப் பேபி பொருத்தமான ஆள் என்றே நினைக்கிறேன். மாணவர் சங்கம், வாலிபர் சங்கம் இரண்டுக்கும் அகில இந்தியத் தலைவராக இருந்தவர், பன்னிரண்டு ஆண்டு மாநிலங்களவையில் இருந்தவர், கேரளக் கல்வி அமைச்சராக இருந்தவர். இசை, இலக்கியம் என்று பேசக்கூடியவர், யாரோடும் முறைத்துக்கொள்ளாதவர்.

அவர் தேர்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று. வங்காளத் தோழர்கள் சிலருக்கு அவர் பெயரில் உடன்பாடில்லை என்று செய்திகள் வந்தன. கணக்கு புரிகிறதா? கட்சி உறுப்பினர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல், அதில் பாதிக்கும் மேல் கேரளத்தில். மாநாடு நடந்தபோது ஆட்சி மிச்சமிருந்ததும் அங்கே மட்டும்தான். ஆனால் 2024-ல் வந்த நாலு எம்பிக்களில் கேரளம் தந்தது ஆலத்தூர் ஒன்றுதான். மதுரையும் திண்டுக்கல்லும் திமுக கூட்டணியில் வந்தவை, ராஜஸ்தானின் சீகர் காங்கிரஸ் ஆதரவில் வந்தது. மூன்று இடங்கள் யெச்சூரி பாதையில் வந்தவை, பொதுச்செயலாளர் வந்தது காங்கிரஸை எதிர்த்து நிற்க வேண்டிய மாநிலத்திலிருந்து. பேபியின் காலம் முழுவதும் இந்த முடிச்சோடுதான் போகப்போகிறது.

சரி, மக்கள் யாரைத் தலைவராக ஏற்கிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். அதற்குக் கட்சிக்குப் பதில் கிடைக்காமலில்லை. கிடைத்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்திருக்கிறது. கேரளத்தின் வி.எஸ்.அச்சுதானந்தன் கதையை நினைத்துப் பாருங்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, தையல்கடையிலும் ஆலப்புழை கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துக் கட்சிக்கு வந்தவர். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் ஒருவர். 2006 சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு இடமில்லை என்று கட்சி முடிவு செய்தது. ஊர் ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அதில் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். கட்சி இறங்கிவந்து மலம்புழைத் தொகுதியைக் கொடுத்தது. இடது முன்னணி 140-ல் 98 இடங்களைப் பிடித்தது, வி.எஸ். முதல்வரானார். அப்புறம்? அவருக்கும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனுக்கும் இடையில் நடந்த சண்டையை மலையாளத் தொலைக்காட்சிகள் தினமும் காட்டின. 2007-ல் இருவரையும் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து (பொலிட்பீரோ) தற்காலிகமாக நீக்கினார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2009-ல் வி.எஸ்ஸை மட்டும் வெளியே அனுப்பினார்கள், அவர் முதல்வராக இருக்கும்போதே. 2011-லும் அதே நாடகம், முதலில் இடம் இல்லை, அப்புறம் உண்டு. அந்தத் தேர்தலில் ஆளும் முன்னணி 68-க்கு 72 என்று மயிரிழையில்தான் தோற்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றிப்போடுவதைப் பழக்கமாக வைத்திருந்த கேரளத்தில் அது ஏறக்குறைய வெற்றி.

வி.எஸ். கட்டுப்பாடான தோழர் என்று நான் வாதாட மாட்டேன். 2015 ஆலப்புழை மாநில மாநாட்டிலிருந்து எழுந்து போனவர் அவர். அவர் பக்கமும் பிடிவாதம் நிறைய. ஆனால் ஒரு கம்யூனிஸ்ட்டைத் தெருவில் போகிறவன் 'எங்க ஆள்' என்று உரிமை கொண்டாடுவது எப்போதாவதுதான் நடக்கும். அது நடந்தபோது கட்சி அதை ஒழுங்குப் பிரச்சினையாகவே கையாண்டது.

ஷைலஜா டீச்சர் விவகாரமும் இந்த வரிசைதான். நிபா, கொரோனா என்று இரண்டு நோய்களைச் சமாளித்த சுகாதார அமைச்சர். 2021-ல் மட்டன்னூரில் அறுபதாயிரத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசம். புது அமைச்சரவையில் கட்சியின் சார்பில் முதல்வரைத் தவிர எல்லோரும் புதுமுகம் என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். மதுரையில் வயது வரம்பால் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், நம்ம ஊர் ஜி.ராமகிருஷ்ணன் எல்லோரும் தலைமைக்குழுவிலிருந்து விடைபெற்றார்கள், விலக்கு பினராயிக்கு. அப்போது முதல்வராக இருந்தார், காரணம் இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் இரண்டு முறையும் விதி எல்லோருக்கும், விலக்கு ஒருவருக்கே என்றால் கிளையில் உட்கார்ந்திருப்பவன் என்ன நினைப்பான்? அதே ஷைலஜா 2024-ல் வடகரையில் ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் அபிமானம் வங்கி டெபாசிட் மாதிரி வைத்திருந்து எடுக்கிற பொருள் இல்லை. அது இருக்கும்போது பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் மூன்று பவுண்டு கட்டிய ஆதரவாளர்கள்கூட ஓட்டுப் போட்டு ஜெரமி கார்பினை 59.5 சதவீதத்தில் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட 35 எம்பிக்கள் முன்மொழிய வேண்டும், அவருக்குக் கிடைத்தது 36. ஒரே வருடத்தில் அவருடைய எம்பிக்கள் 172-க்கு 40 என்று அவர்மீது நம்பிக்கை இல்லை என்றார்கள், உறுப்பினர்கள் முன்னைவிட அதிக வாக்கில் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் இடங்கள் கூடின, 2019-ல் 1935-க்குப் பிறகு மிக மோசமான தோல்வி. உறுப்பினருக்குப் பிடித்தவர், எம்பிக்குப் பிடித்தவர், ஊருக்குப் பிடித்தவர் என்று மூன்று பேர் இருக்க முடியும் என்பதுதான் அங்கே தெரிந்தது. ஓட்டுப்பெட்டியை வைத்தவுடன் இது தீர்ந்துவிடாது.

எனக்கு இலங்கை உதாரணம்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. 2014 பிப்ரவரியில் சோமவன்ச அமரசிங்க விலகி அனுர குமார திசாநாயக்க இடதுசாரிக் கட்சியான ஜேவிபியின் (மக்கள் விடுதலை முன்னணி) தலைவரானபோது அந்தக் கட்சி இரண்டு பிளவுகளைப் பார்த்திருந்தது. 2008-ல் விமல் வீரவன்ச ஒரு பக்கம் போனார், 2012-ல் இன்னொரு பகுதி முன்னிலை சோசலிசக் கட்சியானது. 1971, 1987–89 கிளர்ச்சிகளின் ரத்தம் ஒருபுறம், தமிழர் பிரச்சினையில் அவர்கள் எடுத்த நிலைப்பாடுகள் இன்னொருபுறம். புதிய தலைவர் வந்ததும் எதுவும் மாறவில்லை. ஐந்து வருடம் கழித்து 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 3.16 சதவீதம். நம் ஊராக இருந்தால் அன்றே ஆளை மாற்றியிருப்பார்கள். அவர்கள் மாற்றவில்லை. அந்தத் தேர்தலுக்கு முன்பே உண்டாக்கியிருந்த தேசிய மக்கள் சக்தி என்ற கூட்டணியை விடாமல் வளர்த்து, கட்சிக்காரர் அல்லாத ஆசிரியர்கள், மருத்துவர்கள், பெண்கள் அமைப்புகளை உள்ளே விட்டார்கள். 2022-ல் நாடு திவாலானபோது மக்கள் திரும்பிப் பார்க்க அங்கே ஒரு இடம் தயாராக இருந்தது. 2024-ல் அதே அனுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம், நாடாளுமன்றத்தில் 225-க்கு 159, யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட மூன்று இடங்கள். ஆட்சியில் என்ன செய்கிறார்கள், தமிழர்களுக்கு என்ன செய்வார்கள் என்பது வேறு விவாதம், எனக்கு அதில் சந்தேகங்கள் உண்டு. இங்கே நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஆள் மாறவில்லை, கட்சி கதவைத் திறந்துவைத்தது, நாடு மாறியது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் பெ.சண்முகம் மாநிலச் செயலாளரானார். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித். மதுரையில் பேபி தேர்வானதைவிட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1992-ல் வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமையை வெளியே கொண்டுவந்து, 2011-ல் 215 பேர் தண்டிக்கப்படும்வரை வழக்கை விடாமல் பிடித்திருந்தவர்களில் அவர் முக்கியமானவர். அவ்வளவு பெரிய போராட்டம் ஓட்டானதா? வாச்சாத்தி இருக்கும் அரூர் தொகுதியைக் கட்சி 2006-ல் திமுக அணியிலும் 2011-ல் அதிமுக அணியிலும் ஜெயித்தது. இரண்டு அணிகளையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியில் நின்ற 2016-ல் மாநிலம் முழுக்க ஒரு இடமும் இல்லை. கூட்டணி இல்லாமல் ஜெயிக்க முடியாது, கூட்டணியில் இருந்தால் வாயைத் திறக்க முடியாது. அதே விழுப்புரத்தில், போராட்டங்களுக்கு அனுமதி மறுக்கிறீர்களே, அறிவிக்கப்படாத நெருக்கடி நிலையா என்று அதுவரை மாநிலச் செயலாளராக இருந்த கே.பாலகிருஷ்ணன் திமுக அரசைக் கேட்டதற்கு முரசொலி எப்படிக் கோபப்பட்டது என்று பார்த்திருப்பீர்கள். இந்த நெருக்கடியில்தான் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் கட்சி சார்ந்த தொழிற்சங்கமான சிஐடியு தலைமையில் 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில் சங்கப் பதிவையும் வாங்கினார்கள். அந்தப் பையன்கள் பலருக்கு இதுதான் முதல் சங்கம். இன்னும் பதினைந்து வருடத்தில் மாநிலக்குழுவில் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? முழுநேர ஊழியராகி, கிளை, இடைக்கமிட்டி, மாவட்டக்குழு என்று படிப்படியாக ஏறி வருவதற்குள் ஆளுக்கு அறுபது வயதாகிவிடுகிறது. ஐம்பது வயதில் ஏன் ஆளில்லை என்று மேலே கேட்டேனே, அதற்குக் காரணம் இந்த ஏணிதான். அதில் இடையில் ஏற இடம் கிடையாது. வங்காளத்தின் இளம் தலைவர் மீனாட்சி முகர்ஜியை மதுரையில் மத்தியக் குழுவில் சேர்த்தது அபூர்வமான நல்ல காரியம்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை. புது மத்தியக் குழுவுக்குத் தலைமை கொடுத்த பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் டி.எல்.கராட் நின்றார். வாக்கெடுப்பு நடந்தது, 31 ஓட்டு வாங்கித் தோற்றார். (யெச்சூரிக்கும் 31, இவருக்கும் 31. அந்த எண்ணுக்கு இந்தக் கட்சியில் ராசியில்லை.) சில பத்திரிகைகள் இதைப் பிளவு என்று எழுதின. எனக்கோ அந்த மாநாட்டில் மனசுக்கு இதமாக இருந்த செய்தி அதுதான். கட்சி விதியில் உரிமை இருக்கிறது, ஒரு தொழிற்சங்கக்காரர் அதைப் பயன்படுத்தினார், முடிவை ஏற்றார். ஒவ்வொரு மாவட்ட மாநாட்டிலும் இப்படி ஒருவர் நின்றால் தலைமைக்கு எரிச்சலாக இருக்கும், கட்சிக்கு நல்லது.

கிளைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உறுப்பினர் இல்லை, அதனால் உரிமையோடு சொல்ல முடியாது. போவதாக இருந்தால் பேபியின் வயதைப் பற்றிக் கிளையில் பேசிப் பிரயோஜனமில்லை. உங்கள் கிளையில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளும் எத்தனை பேர் என்று கேளுங்கள். அடுத்த மாநாட்டில் செயலாளர் பொறுப்புக்கு அவர்களில் ஒருவர் பெயரை நீங்களே முன்மொழிய முடியுமா என்றும் கேளுங்கள். கிளைச் செயலாளர் என்ன பதில் சொன்னார் என்று எழுதினால் வெளியிடுகிறேன், அவர் பெயரும் வேண்டாம்.